ஆள் தேடி வந்த துறைமுகம்

எனக்கும் இவருக்கும் கல்யாணமான பிறகு நடந்த பெரிய சண்டை ஒரு துறைமுகத்தை முன்னிட்டு நடந்தது. அந்தத் துறைமுகத்தை நாங்கள் இரண்டு பேருமே கண்டதில்லை. அது கஸ்பியன் கடலோரத்தில், கசாக்ஸ்தானின் ஒரு மூலையில் இருந்தது. நாங்கள் இருந்தது பலெர்மோவில், பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடியில், ஒற்றை அறையில். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எழுதும்போது மட்டும் அதைப் புதிதாகத் தொடங்குவானேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் பஸ் ஏறிப் போய்ச் சமைத்து, துடைத்து, உடுப்பு மடித்து வைத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவேன். அந்த வீட்டு ஐயா, அதாவது சிஞ்ஞோரே, துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்கும் கிரேன்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு சின்னக் கொம்பனி வைத்திருந்தார். முன்பு வேலை குவிந்து கிடந்ததாம். நான் போன காலத்தில் மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டு முடித்த பிறகும் மேசையை விட்டு எழும்பமாட்டார். பாண் துண்டைப் பிய்த்து உருட்டிக்கொண்டே இருப்பார். கை நிறைய வேலை இருக்கிற ஆம்பிளை அப்படி இருக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். நான் பரிமாறிக்கொண்டு நிற்கும்போதே தன் மனைவி சிஞ்ஞோராவுக்குக் கதையைச் சொன்னார். கஸ்பியன் கரையில் ஒரு துறைமுகம் இருக்கிறதாம். சோவியத் காலத்தில் கட்டியது. இப்போது அந்த நாடு தனி நாடு. நிலத்துக்குக் கீழே எண்ணெய் கிடக்கிறதாம், ஆனால் ஊர் அந்தரமான இடத்தில் இருப்பதால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லையாம். அந்த ஊர்க்காரர் வெளிநாட்டு முதலாளிகளையும் வியாபாரிகளையும் தேடி இத்தாலி முழுக்கச் சுற்றுகிறார்கள், பலெர்மோவுக்கும் வருகிறார்கள், அவர்களுடைய கிரேன்கள் எல்லாம் துருப்பிடித்துப் போய் நிற்கின்றன. சரியாகக் கதைத்தால் தனக்குப் பல வருடத்துக்கு வேலை என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னார். அவர் கடைசியாகச் சொன்னது சிஞ்ஞோராவுக்குப் பிடிக்கவில்லை.

அன்று பின்னேரம் வுச்சீரியாச் சந்தையில் வாங்கிவந்த மீனைக் கழுவிக்கொண்டு இவரிடம் அதைப் பகிடியாகத்தான் சொன்னேன்.

"எண்ணெய் வைச்சிருக்கிறவை ஊர் ஊரா ஆள் தேடித் திரியினமாம். எங்களிட்டை அது இருந்தா நாங்கள் வீட்டிலை இருந்து காலாட்டிக்கொண்டு இருப்பம்."

இவர் சிரிக்கவில்லை. "அங்கை கிரேன் ஓட்ட ஆள் இருக்கோ?" என்று கேட்டார்.

கழுவின மீனையே நான் திரும்பவும் கழுவினேன்.

இவர் ஊரில் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்கள் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன முதல் விசேஷமே அதுதான். நாட்டில் சண்டை வந்தது, துறைமுகத்தைச் சனம் நெருங்க முடியாமல் போனது, இவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டார். மொஸ்கோவில் ஒரு பனிக்காலம் முழுக்க மாட்டுப்பட்டு, பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரே அறையில் கிடந்து, பிறகு எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்தார். பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, எடுத்து என்னைக் கூப்பிட நாலு வருடம் ஆனது. கல்யாணமாகி ஆறு மாதம் சேர்ந்து இருந்துவிட்டு நாலு வருடம் பிரிந்திருந்தோம். நான் பலெர்மோவில் வந்து இறங்கியபோது, ஸ்தாசியோனில் நின்ற இவரை முதலில் எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. முன் தலைமயிர் கொட்டிப்போயிருந்தது.

பலெர்மோவில் இவருக்குக் கிடைத்த வேலை ஒரு வயதான மனிதரைப் பார்த்துக்கொள்வது. குளிக்க வார்ப்பது, சவரம் செய்துவிடுவது, பத்திரிகை வாங்கிக் கொடுப்பது, வெயிலில் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோவது. கிழவருக்கு இவர் மீது உயிர். இவரும் ஒரு நாளாவது முகம் சுளித்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மற்ற ஆம்பிளையள் கோயில் வாசலில் நின்று கதைக்க, இவர் மெல்ல நழுவித் துறைமுகப் பக்கம் போய்விடுவார். அங்கே வேலிக்கு வெளியே நின்று கிரேன்களைப் பார்ப்பார்.

"மூத்த தாரத்தைப் பாத்திட்டு வந்தாச்சோ?" என்று கேட்பேன்.

"ஓம், சுகமா இருக்கிறா" என்பார்.

அதனால்தான் அன்று இவர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. அடுத்த நாள் இவரே சொன்னார், சிஞ்ஞோராவிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை போடச் சொல்லி. நான் மாட்டேன் என்றேன். பிறகு போட்டேன். சிஞ்ஞோரா சிஞ்ஞோரேயிடம் சொன்னார். அந்தத் துறைமுகத்தில் இரண்டு வருடம் நின்று வேலை பார்க்கத் தன்னுடைய ஆட்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை என்று சிஞ்ஞோரேயும் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கூடமாட உதவி செய்ய உன் கணவனையும் கூட்டிக்கொண்டு வா, ஆளைப் பார்ப்போம் என்றார். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, அங்கே இருப்பதற்கு வீடு வாசல் ஒன்றும் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

சண்டை அந்த வாரம் முழுக்க நடந்தது. எங்கள் சண்டை சத்தம் இல்லாத சண்டை. நான் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைப்பேன், இவர் ரேடியோவைக் கொஞ்சம் குறைப்பார். இடையிடையே நான் வாயைத் திறந்தால் ஊசி ஊசியாகத்தான் வரும்.

"மொஸ்கோவிலை குளிருக்கை செத்துப் பிழைச்சது காணாதோ?"

"இது மொஸ்கோ இல்லை. கடற்கரை."

"மொண்டெல்லோவும் கடற்கரைதான். அங்கை போய் நில்லுங்கோவன்."

"வேலையைப் பற்றிக் கதைக்கிறன். நீர் வேறை என்னவோ கதைக்கிறீர்."

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. உங்கடை விருப்பம்."

உங்கடை விருப்பம் என்பதை நான் சொல்லுகிற விதத்தில் சொன்னால் எந்த ஆம்பிளைக்கும் சோறு இறங்காது. அந்த வாரம் அதை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அந்தத் துறைமுகத்தோடு எனக்கு உண்மையாகவே கோபம். எண்ணெய் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, உலகத்தில் உள்ள முதலாளிமார் எல்லாரையும் கூப்பிடு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஒற்றை அறையில் இருக்கிற என்னுடைய ஒற்றை மனுசன்தானா உனக்குக் கிடைத்தான் என்று சட்டி கழுவும்போது அதைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். கூட ஒரு மொழிபெயர்ப்புக்காரி. பலெர்மோவில் கல்யாணம் செய்து இருந்த ரஷ்யப் பெண் அவர். மூவரில் மூத்தவர்தான் தலைவர். அகன்ற முகம், வெளிறிய சாம்பல் நிறக் கோட்டு, அந்த வெயிலுக்கும் அதைக் கழற்றவில்லை. நான் அவர்களைப் பெரிய பணக்காரர் என்று நினைத்து வைத்திருந்தேன். எண்ணெய்க்காரர் அல்லவா. அந்தப் பெரியவரின் சட்டைக் கழுத்து, தேய்ந்துபோனதால் திருப்பித் தைத்திருந்தது. தையல் அழகாக இருந்தது. யாரோ பெண்பிள்ளை பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறாள் என்று பட்டது, அதோடு எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

சாப்பிடும்போது அவர் தன்னுடைய ஊரைப் பற்றிச் சொன்னார். மொழிபெயர்ப்புக்காரி சொல்லச் சொல்ல நானும் தட்டுகளை மாற்றும் சாட்டில் கேட்டுக்கொண்டு நின்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்லும் தகப்பன் மாதிரித்தான் அவர் கதைத்தார். ஆறு இல்லை, கடல் தண்ணீரைத்தான் உப்பு எடுத்துக் குடிக்கிறோம் என்றார். மரம் என்று இருப்பதெல்லாம் மனிதர் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவைதான் என்றார். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, கொஞ்சம் அல்ல என்று திருத்தினார். "எண்ணெய் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தங்கள் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது வருகிறவர்கள்தான் வேண்டும்." சிஞ்ஞோரா மரியாதைக்குத் தலையாட்டினார். சிஞ்ஞோரே வியாபாரக் கதையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம் என்று பொறுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிய அவர்கள் கோப்பி வேண்டாம், தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்கள். சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். "நீ தேயிலை நாட்டுக்காரிதானே, நீயே செய்" என்றார். நான் எங்கள் பால் தேத்தண்ணியைப் போட்டேன். நல்ல சாயம், காய்ச்சிய பால், சீனி மட்டும் புறம்பாக. எல்லாருக்கும் பங்கிட்டதில் முதல் தரம் அரைக் கோப்பைதான் வந்தது, எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர் முதல் வாய் குடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தாங்களும் பால் விட்டுத்தான் குடிப்பார்களாம், வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு இன்றுதான் இப்படி ஒரு தேநீர் என்றார். கோப்பை காலியானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேத்திலைக் கொண்டுபோய் விளிம்பு தட்ட நிரப்பினேன்.

அவர் அந்தக் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலை குனிந்தார். கோப்பையைத் தொடவில்லை. கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு எழும்பினார். மற்ற இருவரும் உடனே எழும்பிவிட்டார்கள். நல்ல சாப்பாடு, நல்ல வீடு, நன்றி என்று மொழிபெயர்ப்புக்காரி சொல்ல, அவர்கள் வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

சிஞ்ஞோரேயின் முகத்தில் இரத்தம் இல்லை. வியாபாரத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. மொழிபெயர்ப்புக்காரிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் ரஷ்யக்காரி, அந்த ஊர் வழக்கம் அவருக்குத் தெரியாது. என் கையில் கேத்தில். எனக்குள்ளே ஒரு மனசு, சரி, முடிந்தது, இனி இவர் எங்கேயும் போகமாட்டார் என்று துள்ளியது. துள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும்.

குசினி வாசலில் தட்டோடு நின்ற இவர்தான் முன்னுக்கு வந்தார். மொஸ்கோவில் பாண் வாங்கவும் பொலிஸுக்குப் பதில் சொல்லவும் பொறுக்கிய ரஷ்ய மொழியில், உடைந்த உடைந்த சொல்லாக, பெரியவரிடம் கேட்டார். தேநீர் சரியில்லையா, என் மனைவி ஏதும் பிழை விட்டாளா என்று கேட்டதாகப் பிறகு எனக்குச் சொன்னார். பெரியவர் நின்றார். தேநீரில் ஒரு பிழையும் இல்லை என்றார். தங்கள் ஊர்ப் பக்கத்தில் விருந்துக்கு வந்தவருக்குக் கோப்பையின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்களாம். கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் இரு, நான் திரும்பத் திரும்ப ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால், இருந்தது போதும், எழும்பலாம் என்று அர்த்தம். வீட்டுக்காரி நாகரிகமாக விடை கொடுத்துவிட்டாள், அதனால் எழும்பினோம் என்றார்.

இவர் சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் அதற்கு நேர்மாறு என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அரைக் கோப்பை ஊற்றினால் வந்தவர் முகம் கறுத்துப் போவார், பிறகு செத்த வீட்டுக்கும் வரமாட்டார். அது விளங்கியதும் பெரியவர் முழங்காலில் தட்டிச் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள், சிஞ்ஞோரேக்கும் உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் திரும்ப உட்கார்ந்தார்கள். நான் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், புதிதாக ஒன்றில் இரண்டு வாய் மட்டும் ஊற்றிக் கொடுத்தேன். எனக்குக் கை கூசியது. அவர் அதைக் குடித்துவிட்டு நீட்டினார், நான் ஊற்றினேன், அவர் நீட்டினார், நான் ஊற்றினேன். கேத்தில் இரண்டு தரம் அடுப்புக்குப் போய் வந்தது.

பெரியவர் இவரையும் கதிரையில் இருக்கச் சொன்னார். என்ன வேலை தெரியும் என்று கேட்டார். மொழிபெயர்ப்புக்காரி தேவைப்படவே இல்லை. இவர் சொல் கிடைக்காத இடத்தில் கையால் கதைத்தார். இடக்கை ஒரு பிடியை இழுத்தது, வலக்கை இன்னொன்றை மெல்லத் தள்ளியது, கண் மேலே ஏறி, அங்கே தொங்குகிற எதையோ பார்த்து, அலுங்காமல் குலுங்காமல் அதைக் கீழே இறக்கியது. அந்த மேசைக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கல்யாணம் கட்டிய மனுசனின் முகம் அது. பலெர்மோவுக்கு வந்த பிறகு அந்த முகத்தை நான் கண்டதே இல்லை. கண்டதே இல்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. குசினிக்குப் போய் இல்லாத ஒரு பாத்திரத்தைத் தேடினேன்.

அவர்கள் போகும்போது சிஞ்ஞோரே பெரியவரோடு கை குலுக்கி, அடுத்த நாள் கந்தோரில் சந்திப்பதாகப் பேசி முடித்திருந்தார். அவருடைய கொம்பனி அதற்குப் பிறகு தலை நிமிர்ந்தது உண்மை. கேற்றடியில் சிஞ்ஞோரே இவருடைய தோளில் கை வைத்து, "செப்டெம்பரில் என்னோடு வா, இரண்டு வருடம். நாளைக்குச் சொல்" என்றார். இவர் நாளை வரை பொறுக்கவில்லை. அந்த இடத்திலேயே ஓம் என்றார்.

வீட்டுக்குப் பஸ் ஏறினோம். கடலில் குளித்துவிட்டு வரும் பெடிபெட்டையள் மணலோடும் ஈரத் துவாயோடும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இவருடைய கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கையால் இன்னும் எத்தனை காலத்துக்கு ஒரு கிழவரின் தாடையில் சவர்க்காரம் பூசச் சொல்லுவது? எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஒரு ஆளை வேலிக்கு வெளியே நிற்க வைப்பதா? இரண்டு வருடம்தானே. நாலு வருடம் இருக்கவில்லையா. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிச் சொல்லி, ஸ்தாசியோன் வந்து இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

இறங்கி நடக்கும்போது இவர் கேட்டார். "என்ன சொல்லுறீர்?"

"போங்கோ" என்றேன். இந்த முறை ஊசி இல்லை. "உண்மையாத்தான் சொல்லுறன். நான் சமாளிப்பன். நீங்கள் போங்கோ."

இவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இவர் தலையை ஆட்டினார். கொஞ்சத் தூரம் நடந்தோம். பூட்டிக் கிடந்த ஒரு சப்பாத்துக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டா ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

இவர் கடையின் தகரக் கதவைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "துறைமுகம் மூடின உடனை அண்ணை போ எண்டவர். அம்மா காப்பைக் கழட்டித் தந்திட்டுப் போ எண்டவ. கொழும்பிலை லொட்ஜிலை இருக்கேக்கை எல்லாரும் கெதியாப் போ எண்டவை. நீரும் கடிதத்திலை போங்கோ எண்டுதான் எழுதினனீர். எல்லாரும் எனக்கு நல்லதுக்குத்தான் சொன்னவை, அது தெரியும். ஆனா இவ்வளவு காலத்திலை ஒரு ஆளெண்டாலும் என்னைப் பாத்துப் போகாதை, இஞ்சை இரு எண்டு சொன்னதில்லை."

"அப்ப சிஞ்ஞோரேயிட்டை ஏன் ஓமெண்டனீங்கள்?"

"நீர் மறிப்பீர் எண்ட தைரியத்திலைதான்."

வெளிக்கிடுகிற ஆளை மறிக்கக்கூடாது, முகம் கோணாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த வாரம் முழுக்க எத்தனையோ சொன்னேன். குத்திக் குத்திச் சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"கிரேன்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு ஆசைதான்" என்றார். "ஆசையில்லையெண்டு சொல்லமாட்டன்."

நான் இவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன். தெருவில் தெரிந்த முகங்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கோயில் ஆட்களும் இருந்தார்கள்.

"போக வேண்டாம்" என்றேன். "இஞ்சை என்னோடை இருங்கோ."

இவர் கண்ணைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

"இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

சொன்னேன்.